நெற்றியைப் படிக்கும் வாசல்

விமான நிலையத்தின் குடியேற்றச் சோதனை வாசலில் இருந்த இயந்திரம் நெற்றியைத் தொட்டு மதத்தைக் கண்டுபிடித்துவிடும். அரசு ஏற்ற மதமென்றால்தான் கதவு திறக்கும். வெளிநாட்டிலிருந்த தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிய செவிலி சுலைகாவுக்கு அது திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கணவன் மதியழகன் கைக்குழந்தையோடு நின்றான்.

"புதுச் சட்டம்மா. திரும்பிப் போயிடுங்க," என்றார் அதிகாரி.

அடுத்து நின்ற பூங்காவனம் அரசு ஏற்ற மதத்தவள்; அவளுக்குக் கதவு திறந்திருக்கும். ஆனால் அவள் நெற்றியைக் காட்டவில்லை.

"நான் எந்தச் சாமியைக் கும்பிட்டா இந்தக் கதவுக்கென்ன? இவங்க போகாம நானும் போகமாட்டேன்."

பின்னால் நின்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்தடுத்த விமானங்களில் வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். கூடம் நிரம்பி வழிந்தது. மாலையில் அரசு பணிந்தது.

அதிகாரியே இயந்திரத்தை அணைத்துக் கதவைத் தள்ளித் திறந்தார். "எல்லாரும் வாங்க!"

சுலைகா ஓடிப்போய்க் குழந்தையை வாரி அணைக்கும்வரை வரிசையில் ஒருவரும் நகரவில்லை.