கண்களைத் திறக்க வேண்டாம்

நெருப்புக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டடைந்த மகத்தான பேறு, இந்தக் கணத்தில் முழுதாக இருப்பதுதான் என்பது பல் டாக்டரின் தீர்மானமான முடிவு.

அந்தப் பேறு அவருக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. நடுநடுவே தரை ஓடு ஒட்டும் பசைக்கு விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

விளம்பரத்தையும் அவர் வெறுப்பில்லாமல் கவனித்தார்.

பாடங்கள் முடிந்ததும் ‘முழுக் கவனத்தில் தேர்ச்சி’ என்று மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

வாயைப் பிளந்து கிடந்த நோயாளிகளிடம் முழுக் கவனத்தின் நன்மைகளை எடுத்துச் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே நீளமாக எதையோ சொன்னாள். கடைசித் துண்டு மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

“உங்க ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. கேட்டுச்சா, இல்ல நான் வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து மறுபடி சொல்லணுமா?”

“ம்” என்றார் டாக்டர்.

எதற்கு அந்த ‘ம்’ என்று அவருக்கே தெரியாது. அவள் குரல் ஒரு மாதிரி இருந்ததை வைத்து, காய்கறி விஷயம் இல்லை என்று மட்டும் புரிந்தது.

திரும்பக் கேட்டுவிடலாம்தான். ஆனால் கூடத்தில் சான்றிதழ் தொங்குகிறது. முழுக் கவனத்தில் தேர்ந்தவர் ‘என்ன சொன்னே?’ என்று கேட்பது, பல் டாக்டர் சொத்தைப் பல்லைக் காட்டிச் சிரிப்பதுபோல.

மனம் அடங்கினால் தவறவிட்டதெல்லாம் தானாக மேலே வரும் என்று ஒரு காணொளியின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் மாடி அறைக்குப் போய் விரிப்பைப் போட்டார். கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

குரல் வந்தது. பெண் குரல், அவசரமே இல்லாத குரல்.

“இடது கால் கட்டைவிரலைக் கவனியுங்கள்.”

கவனித்தார். இருந்தது.

பசை விளம்பரம் வரவேண்டிய இடம். வரவில்லை. வெறும் நிசப்தம்.

பிறகு குரல் மறுபடி வந்தது, இந்த முறை முதுகுக்குப் பின்னாலிருந்து.

பிரமாதமான ஒலிப்பதிவு என்று நினைத்துக்கொண்டார்.

“வயிற்றைத் தளர விடுங்கள். எக்கிப் பிடிக்க வேண்டாம். யார் பார்க்கப்போகிறார்கள்?”

எக்கிப் பிடித்திருந்த வயிற்றை டாக்டர் விட்டார். இதற்கு எப்படித் தெரிந்தது என்று ஓர் எண்ணம் வந்தது. வந்ததைக் கவனித்தார், அனுப்பிவைத்தார்.

“இப்போது தோள்மேல் இருக்கும் கையைக் கவனியுங்கள்.”

கவனித்தார்.

தோள்மேல் ஒரு கை இருந்தது.

கனமில்லை. ஈரமாக இருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. பிடரி மயிர் சிலிர்த்து நின்றது.

“யாருடைய கை என்று ஆராய வேண்டாம். கண்களைத் திறக்க வேண்டாம்.”

ஆராயவில்லை. திறக்கவில்லை. இல்லாதது இருப்பதுபோலத் தோன்றும், பயப்படக் கூடாது என்று பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்த நிலை இவ்வளவு சீக்கிரம் கூடிவிட்டதில், நடுக்கத்துக்கு நடுவிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“இன்று காலை ஒருவர் உங்களிடம் பேசினார். என்ன சொன்னார்?”



“தெரியல” என்றார், வாய்விட்டே.

கை அசையவில்லை. மூச்சு ஒன்று கேட்டது. அவர் உள்ளே இழுக்கும்போது அது வெளியே விட்டது.

“வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்கே கிளம்ப வேண்டும். போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டார்.”

அதேதான்! வார்த்தைக்கு வார்த்தை அதேதான். காணொளியின் கீழே எழுதியவர் பொய் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து கீழே இறங்கியதும் முதல் வேலையாக ‘இரு’ என்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். பயிற்சியைப் பாதியில் விட்டு எழக்கூடாது என்பது விதி.

“இப்போது கை விலகுவதைக் கவனியுங்கள்.”

விலகியது.

படிகளில் ஏதோ இறங்கியது. கீழே தரையில் சக்கரங்கள் உருண்டன. கதவு சாத்திக்கொண்டது. பாடத்தில் பழகியபடி ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் பெயர் சூட்டினார்: சத்தம். சத்தம். சத்தம்.

அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறக்கச் சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தார். அறை இருட்டிக்கொண்டு வருவது மூடிய இமைக்குள்ளேயே தெரிந்தது.

கடைசியில் சொல்லாமலே திறந்தார்.

கைப்பேசியைத் தட்டினார். திரையில் ஆசிரியை வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தார். கட்டைவிரலைத் தாண்டி அவர் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

டாக்டரின் சட்டைத் தோளில் பாத்திரம் கழுவும் சோப்பு மணத்தது.

எந்த ஊர் என்றும் அவள் காலையில் சொல்லியிருப்பாள்.

கண்ணை மூடியிருந்தபோது, இந்தக் குரலில் பாதியாவது நம் வீட்டுக்காரிக்கு இருந்திருக்கக் கூடாதா என்று அவர் ஒருமுறை நினைத்திருந்தார்.