இருபது அடி

"விட்டுடாத!" என்றார் டிரைவர்.

"விட்டுட்டு எங்க போகப்போறேன்? நடங்க" என்றாள் மனைவி. அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். பக்கவாதம் வந்து ஆறு மாதமாக இதே கூத்துதான். விழுந்தால் அடிபடக் கூடாதென்று ஹாலின் இருபுறமும் மெத்தை வேறு விரித்திருந்தாள்.

ஜன்னல் வரை இருபது அடி. அங்கே கம்பியைப் பிடித்தால்தான் அவரால் திரும்ப முடியும்.

"அவ்வளவு பெரிய லாரியை ரிவர்ஸ் எடுத்த மனுஷன், உடம்பைத் திருப்ப முடியலையே!" என்று சிரித்துவிட்டு எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு... ரெண்டு..."

பதிமூன்றில் அவள் குரல் குழறியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தார். பதினாலில் பட்டை தளர்ந்தது. எண்ணிக்கையும் நின்றது.

'ஒருநாள் சொல்லாம கையை விட்டுடுங்கம்மா, தானா நடப்பாரு' என்று தெரபிஸ்ட் அவளிடம் கிசுகிசுத்தது நேற்றே அவர் காதில் விழுந்திருந்தது. ஆரம்பித்துவிட்டாளா?

அவருக்கு வீம்பு வந்துவிட்டது. பதினைந்து, பதினாறு என்று தானே எண்ணி, தள்ளாடித் தள்ளாடி இருபதையும் முடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தார். யாரும் பிடிக்காமல் முழுசாக ஆறு அடி!

"பார்த்தியாடி, நடந்துட்டேன்!" என்று திரும்பினார்.

அவருக்காக விரித்த மெத்தையில் அவள் சரிந்து கிடந்தாள். கண்கள் அவரையே பார்த்தன. ஒரு பக்கமாகக் கோணிப்போன வாய், 'பதினைஞ்சு' என்று சொல்லப் பார்த்தது.

போன் அவர் நடக்கத் தொடங்கிய கோடியில், மேஜைமேல் இருந்தது.

கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒண்ணு" என்றார்.

கால் நகரவில்லை.