கத்தி முனையில் ரொட்டி

"கத்தியை நல்லா நீட்டிப் பிடி. ஓநாய் ரொட்டியில வாய் வச்சதும் ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கூப்பிடு. தோல் கழண்டு விழுந்துடும், ஆள் மனுஷனாயிடுவான்" என்றாள் பக்கத்து வீட்டு லேசு.

மந்தையின் கற்சுவரோரம் நின்ற ரீத், முனையில் கறுப்பு ரொட்டி குத்தியிருந்த கத்தியை நீட்டிப் பிடித்தாள். அவளால் தலை நிமிர முடியவில்லை.

மூன்று சனிக்கிழமைகளாக லேசுவின் மந்தையில் ஆடு குறைகிறது. அதே மூன்று சனிக்கிழமைகளும் ரீத்தின் புருஷன் தோமாஸ் வீட்டில் இல்லை; நாலாவது சனிக்கிழமையான இன்றும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியதாகச் சொல்லி மாவோடு திரும்புவான். தாடியில் ஆட்டு மயிர் ஒட்டியிருக்கும்.

"உன் மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

"அட போடி. திருடனா இருந்தா கோயில் வாசல்ல கட்டிவச்சுத் தோலை உரிப்பாங்க. யாரோ வச்ச சூனியத்துக்கு அவன் என்ன பண்ணுவான்? என் வீட்டுக்காரர் விடற குறட்டைக்கு அவர் எப்பவோ கரடியாகியிருக்கணும்!"

லேசு மடியிலிருந்து, காணாமல் போன ஆட்டின் மணியைக் கயிற்றோடு எடுத்துக் காட்டினாள். "கயித்தைப் பாரேன். ஒரே கடி, ஒரு பிரிகூடப் பிசிறல. என்ன பல்லுடி உன் புருஷனுக்கு!"

கற்சுவருக்கு அப்பால், புதர்களுக்குள்ளிருந்து ஊளை எழுந்தது. மந்தை நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. லேசு சுவரோடு பதுங்கினாள்.

"நீ மட்டும் போ. பொண்டாட்டி குரலுக்குத்தான் திரும்புவான்."

எட்டு வருஷம் கூட வாழ்ந்தவனை எப்படியாவது மனுஷனாக வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். ரீத் கண்களை இறுக மூடிக்கொண்டு புதரை விலக்கினாள்.

கண் திறந்தபோது தோமாஸ் மண்டியிட்டிருந்தான். ஓநாய்த் தோலும் இல்லை, வாலும் இல்லை. இரு கைகளையும் வாயருகே குவித்து ஊளையிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் கால் கட்டிய ஆடு, ஒரு கோணிப்பை, ஒரு கத்தி.

அவளைக் கண்டதும் ஊளை தொண்டையிலேயே நின்றது.

"ஒரு மாசமா துறைமுகத்துல வேலையே இல்ல, ரீத்" என்றான், தரையைப் பார்த்தபடி. "பிள்ளைங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு ஆட்டை வித்து மாவு வாங்கினேன்..."

ரீத் தன் கத்தி முனையைப் பார்த்தாள். அவன் கொண்டுவந்த மாவில் சுட்ட ரொட்டி. காலையில் பிள்ளைகளோடு அவளும் இரண்டு துண்டு தின்றிருந்தாள்.

"என்னடி சத்தத்தையே காணோம்?" சுவருக்குப் பின்னாலிருந்து லேசு கத்தினாள். "பேரைச் சொன்னியா? மனுஷனாயிட்டானா?"

ரீத் குனிந்து ஆட்டின் கட்டை அறுத்துவிட்டாள். முகம் கழுத்துவரை எரிந்தது.

"இல்லக்கா... ஓநாய்தான்!"