குரலில் கனம்

“நெஞ்சுல வந்து முட்டுமே, அந்த அடிச்சத்தம், மிட்பேஸ், அதுதான் எடுபடல,” என்றார் கார் ஆடியோ மெக்கானிக்.

“குரல்ல கனமே இல்லைன்னு அம்மா தினமும் புலம்பறாங்க,” என்றான் மகன். அம்மா முன்சீட்டை விட்டு இறங்கவேயில்லை.

மெக்கானிக் கதவின் உள்பலகையைக் கழற்றினார். “ஒரு ஸ்பீக்கருக்கு வயரைத் தலைகீழாக் குடுத்திருக்காங்க. ஒண்ணு காத்தைத் தள்ளினா இன்னொண்ணு இழுக்குது. அப்புறம் கனம் எங்கேருந்து வரும்?”

வயரை மாற்றினார். “இப்ப அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டைப் போடுங்க.”

மகன் அம்மாவின் கைப்பேசியைத் தொட்டான். கதவு அதிர, ஓர் ஆண் குரல் நிறைந்து ஒலித்தது.

“நான் வர லேட்டாகும். எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடு.”

“எங்கப்பா. போன வருஷம் தவறிட்டார்,” என்றான் மகன் மெதுவாக.

அம்மா காலியாக இருந்த டிரைவர் சீட்டின் பக்கம் திரும்பினாள்.

“சரிங்க,” என்றாள்.