கால் வீக்கம்

"கிட்னி போயிடுச்சா டாக்டர்?" என்று பதறியவர் அமிர்தலிங்கம். பக்கத்து நாற்காலியில் பூவம்மாள், வீங்கிய கணுக்கால்களைப் புடவையால் மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

குடவாசல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "கிட்னி நல்லா இருக்கும்மா. நீங்க பிரஷருக்குச் சாப்பிடுற மாத்திரை ரத்தக் குழாயை விரிச்சுவிடும். அதுல நீர் கசிஞ்சு காலுக்கு இறங்கியிருக்கு. வேற மாத்திரை தர்றேன், வடிஞ்சிடும்."

அமிர்தலிங்கம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"கூடப் பிறந்த அண்ணனாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க. குத்தகை நிலத்தை விட்டு என்னை வெளியேத்தணும்னு கேஸ் போட்டிருக்கவர். இன்னைக்கு வாய்தா. கோர்ட்டு வாசல்ல என் காலைப் பார்த்தவர், வக்கீல்கிட்ட வேற தேதி வாங்கச் சொல்லிட்டு இங்க கூட்டியாந்துட்டார்."

டாக்டர் வியப்புடன் நிமிர்ந்தார்.

"கேஸு அது பாட்டுக்கு நடக்கும்ங்க," என்றார் அமிர்தலிங்கம். "முதல்ல இவங்க நல்லா நடக்கட்டும்."