இன்னும் கறுப்புதான்

"ஒன்பது பத்து. அனுப்பிட்டேன் அண்ணே. திரையப் பாத்துக்கிட்டே இருங்க."

"வேற எதைப் பாக்கறது? இங்க இருக்கறது நானும் இதும் மேகமும்தான்."

மலை உச்சி வானிலை நிலையத்தில் அவர் ஒருவர்தான். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மலைக்காரர். கூட இருந்தவர் மாற்றலாகிப் போய் ஏழு மாதம்.

அங்கிருந்த கணினிக்குச் சொந்த ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஈரத்தில் கெட்டுவிடும். செவ்வாய்தோறும் ஜெனரேட்டரை நிறுத்தித் துடைத்த பிறகு, கணினி எழுவதற்கு வேண்டியதெல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து மெல்லிய இணைப்பு வழியே போகவேண்டும். நாற்பது நிமிடம். அதுவரை, அனுப்பும் பொறியாளன் அவரோடு போனில் இருப்பான்.

தேவையில்லாததைக் கழற்றி அதை நான்கு நிமிடமாக்கச் சொல்லியிருந்தார் மேலதிகாரி. இன்று சோதனை. சரியாக எழுந்தால் அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் தானாக நடக்கும். போன் தேவைப்படாது.

"என்னென்ன கழட்டினீங்க தம்பி?"

"படம், சத்தம், பிரிண்டர். மவுஸ்கூட வேலை செய்யாது. திரையில வெறும் எழுத்துதான் வரும். கருவி அளக்கறதப் படிச்சு இங்க அனுப்பும். அவ்வளவுதான்."

"ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை. என் பொழப்பப் பாத்துச் செஞ்ச மாதிரியே இருக்கு."

பொறியாளன் சிரித்தான். ஜன்னல் இல்லாத அவன் அலுவலக அறையில் கணினி விசிறிகளின் இரைச்சல் மட்டும் இருந்தது.

"வந்துச்சா அண்ணே?"

மறுமுனையில் காற்று இரைந்தது.

"இல்ல. கறுப்பாத்தான் இருக்கு."

"சரி."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

மலைக்காரர் மகளைப் பற்றிச் சொன்னார். எப்போது கூப்பிட்டாலும் 'அப்புறம் பேசறேன்பா' என்கிறாளாம். "அந்த அப்புறம் எந்த மாசத்துல வருதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க."

அவன் தன் வாடகை அறையைப் பற்றிச் சொன்னான். பூட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு நாய் மட்டும் திரும்பிப் பார்க்குமாம்.

"நாயாவது பாக்குதே!"

கதவு திறந்தது. மேலதிகாரி தலையை நீட்டினார். "என்னய்யா, எழுந்துச்சா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டான். "இல்ல சார். எதையோ அதிகமாக் கழட்டிட்டேன் போல. பழையதையே வச்சுக்கலாம்."

"ஆறு வாரமா என்னத்தக் கிழிச்ச?"

கதவு மூடியது.

ஒன்பது ஐம்பது. அவன் திரையின் மூலையில், மலையிலிருந்து தானாக வந்த ஒரு வரி முப்பத்தாறு நிமிடமாகக் கிடந்தது: 'நிலையம் எழுந்தது. 9.14.' எழுந்ததும் இப்படித் தகவல் அனுப்பும்படி செய்திருப்பதை மலைக்காரரிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

"இன்னும் கறுப்புதான் தம்பி," என்றார் அவர். "அடுத்த செவ்வாயும் கூப்பிடுவீங்கதானே?"