பத்து விரல்

"இன்னைக்கு அந்தத் திருடி கையும் களவுமா மாட்டப்போறா" என்றபடி மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே இருந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆபீசில் அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர். பக்கத்தில் இடி விழுந்தாலும் எங்கே விழுந்தது என்று கேட்கமாட்டாள்.

ஆன்லைனில் அழகு சாமான் விற்கிற கம்பெனி அது. வீடியோ போடுகிற பெண்கள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனி லிங்க் உண்டு. யார் லிங்க் வழியாக எத்தனை பேர் கடைக்குள் வந்தார்கள், வந்தவர்கள் வாங்கினார்களா, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்களா என்று கவனிப்பதுதான் அழுத்தக்காரியின் வேலை. விற்றால் வீடியோ போட்டவளுக்குக் கமிஷன், விற்காவிட்டால் லிங்கை மூடிவிடுவார்கள்.

மேனேஜர் சொன்ன திருடிக்குப் பார்க்கிறவர்கள் வைத்த பெயர் பத்து விரல். முகத்தைக் காட்டமாட்டாள், வாயைத் திறக்கமாட்டாள். நகப்பூச்சு பூசும் கை மட்டும்தான் வீடியோவில் வரும். ஒரு காலத்தில் அவள் காலையில் ஒரு கலரைப் பூசிக் காட்டினால் சாயங்காலம் குடோனில் அந்தக் கலர் இருக்காது.

"இப்ப பார்க்கிறதுக்கு ஆயிரம் பேர் வர்றான், வாங்கத்தான் நாதியில்ல" என்றார் மேனேஜர். "ஒரே ஒரு வீட்டுலேர்ந்து மட்டும் வாரம் தவறாம ஆர்டர். யாரோ பெரியவர். சொந்தக்காரரை விட்டே வாங்க வெச்சு லிங்கை உயிரோட வெச்சிருக்கா, கெட்டிக்காரி."

"நிச்சயமா தெரியுமா சார்?"

"அதுக்குத்தான் ஃபோன் போடச் சொல்றேன். கமிஷன் போறது யாரோ ஒரு தோழி கணக்குக்கு, ஆள் யாருன்னே நமக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் வாயால 'எங்க வீட்டுப் பொண்ணு'ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா போதும். லிங்கை மூடிடலாம், வீடியோ எல்லாத்தையும் தூக்கிடலாம், மத்த கடைக்காரங்க காதுலயும் போட்டு வைக்கலாம். அப்புறம் அவளை ஒருத்தரும் சீந்தமாட்டாங்க."

"பொழைப்பே போயிடும்" என்றாள் அழுத்தக்காரி. வெளியே மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னாள்.

"போகட்டுமே. பாவ புண்ணியம் பார்த்தா நாம கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

மேனேஜர் நம்பரைப் படித்து முடிப்பதற்குள் அவள் போட்டு முடித்திருந்தாள். வேலையில் அப்படி ஒரு வேகம். மத்தியானச் சாப்பாட்டு டப்பாகூடத் திறக்காமல் மேசை ஓரத்திலேயே கிடந்தது.

"ஹலோ" என்றது வயசான குரல்.

"வணக்கம் சார். நீங்க நகப்பூச்சு வாங்கற ஆன்லைன் கடையிலேர்ந்து பேசறோம். ஃபோன் ஸ்பீக்கர்ல இருக்கு, எங்க மேனேஜரும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கார்."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் 'சொல்லணும், ரூல்' என்று வாயசைத்தாள்.

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. "சொல்லுங்கம்மா."

"வாராவாரம் வாங்கறீங்களே, யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஃபேன், மோட்டார் எல்லாம் ரிப்பேர் பண்றேம்மா. திருகை முடுக்கிட்டு மேல ஒரு சொட்டு வெச்சா கழலாது. கடையில போய்க் கேட்டா ஒரு மாதிரி பார்க்கறாங்க."

சிரிப்பு நின்றது. மேனேஜர் ஒரு காகிதத்தில் 'ஏன் அந்த லிங்க்?' என்று கிறுக்கி நீட்டினார்.

"எத்தனையோ பேர் வீடியோ போடறாங்க சார். நீங்க ஏன் இந்த ஒரு லிங்க்லயே வாங்கறீங்க?"

"அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்காதும்மா. ஓரத்துல ஒரு பிசிறு இருக்காது, பார்த்துக்கிட்டே இருக்கலாம். இப்பல்லாம் விரல் மெலிஞ்சு போச்சு. ஒழுங்கா சாப்பிடறதில்ல போல."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்துட்டார் பாரு வழிக்கு. நேராவே கேளு" என்று கிசுகிசுத்தார்.

அழுத்தக்காரிக்குப் பயமும் இல்லை, பரபரப்பும் இல்லை. எல்லாம் மரத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஃபாரம் நிரப்புகிறவள் குரலில் கேட்டாள். "சார், அந்தப் பொண்ணு உங்க மகளா?"

"எனக்கு மகளே கிடையாதும்மா."

"அண்ணன் தம்பி பொண்ணு, தூரத்து உறவு, அப்படி ஏதாவது?"

"ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. நான் ஒண்டிக்கட்டை. தெருவுல யாரை வேணும்னாலும் விசாரிச்சுக்குங்க."

மேனேஜருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "சே, நிஜமாவே ரிப்பேர்காரன்தான் போல. லிங்க் இருந்துட்டுப் போகட்டும், விடு" என்று எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லி வைத்துவிடுவதுதான் முறை. அவளும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் வைக்கவில்லை.

கடைசியில் பெரியவர்தான் குரலைத் தணித்துக் கேட்டார்.

"மேனேஜர் போயிட்டாரா பாப்பா? அப்பா சரியாச் சொன்னேனா?"